இறங்கியாச்சு என்று யார் சொல்வது?

கோவில்பட்டியை ஒட்டிய கரிசல் காட்டில் பழைய விமான ஓடுதளம் ஒன்று இருக்கிறது. அங்கே விமானி பயிற்சிப் பள்ளி கொண்டுவர, டிட்கோ எனப்படும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகம் முயன்றுவருகிறது. பள்ளி வந்துவிட்டால், கடலைமிட்டாய்க்கும் தீப்பெட்டிக்கும் பேர்போன ஊரின் தலைக்கு மேலே இரண்டு பேர், நான்கு பேர் உட்காரும் சிறு விமானங்கள் தினமும் வட்டமிடும். அவற்றை ஓட்டப் பழகும் பிள்ளைகள் காற்றின் விசைகளைப் படிப்பார்கள், வானிலை படிப்பார்கள், என்ஜின் நின்றுபோனால் எந்தப் புஞ்சையில் இறக்கலாம் என்று பார்த்துவைக்கப் பழகுவார்கள். இவற்றோடு மிகச் சின்னப் பாடம் ஒன்றும் உண்டு. இறங்கியபின் ஒரு போன் போட்டு, "வந்து சேர்ந்துவிட்டேன்" என்று சொல்வது. ஒரு நிமிட வேலைதான். உலகமெங்கும் தேர்ந்த விமானிகள்கூட மறந்துபோகிற வேலையும் அதுதான்.

மறந்தால் என்ன ஆகும்? பத்திரமாக இறங்கி டீ குடித்துக்கொண்டிருக்கும் ஒருவரைத் தேடி ஓர் அரசு இயந்திரமே கிளம்பும். ஏன் அப்படி என்பதற்கு ரேடியோ அலையின் இயல்பிலும் கரிசல் மண்ணின் குணத்திலும் மனித நினைவின் அமைப்பிலும் விடை இருக்கிறது.

கிளம்புமுன் கொடுக்கும் சீட்டு

விமானம் புறப்படுமுன் விமானி ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்கிறார். அதுதான் பறப்புத் திட்டம். விமானிகள் பேச்சில் ஃபிளைட் பிளான். ஐகாவோ என்ற பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த படிவம் அது. விமானத்தின் அழைப்புப் பெயர், அதன் வகை, எங்கிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, எந்த வழியில், என்ன உயரத்தில், என்ன வேகத்தில் போகிறது, எங்கே எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரும் என்பதெல்லாம் அதில் இருக்கும். இந்தியாவில் இதோடு வான்பாதுகாப்பு அனுமதி எண்ணும் பறப்புத் தகவல் மையத்தின் எண்ணும் வாங்கிக்கொண்டுதான் சிறு விமானங்கள் கிளம்ப வேண்டும்.

படிவத்தின் கடைசிப் பகுதியை மட்டும் தனியாகப் படித்துப் பார்த்தால் மனம் கனக்கும். தொட்டியில் உள்ள எரிபொருள் எத்தனை மணி நேரம் தாங்கும்? விமானத்தில் எத்தனை பேர்? உயிர்காப்பு மிதவைச் சட்டை உண்டா? விமானத்தின் நிறம் என்ன? நல்லபடியாகப் போய்வரும் பயணத்தில் இவற்றை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. விமானம் வராமல் போன அன்று, தேடப் போகிறவருக்கு முதலில் தேவைப்படுவது இந்தப் பகுதிதான். தாழப் பறந்து தேடுகிறவர் வெள்ளை நிறத்தைத் தேடுவதா, மஞ்சளைத் தேடுவதா என்று இதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.

ஆக, படிவத்தைக் கொடுக்கும்போதே விமானி ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கிறார். "இத்தனை மணிக்குள் என் குரல் வராவிட்டால் என்னைத் தேடுங்கள்" என்பது அதன் சாரம். முகமறியாத சிலர் அதை ஏற்றுக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். வந்து சேர்ந்த செய்தியைச் சொல்லும்போதுதான் அவர்களுக்கு அந்தப் பொறுப்பிலிருந்து விடுதலை.

மதுரை, தூத்துக்குடி போல கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ள நிலையங்களில் இந்தச் சிக்கல் குறைவு. விமானம் இறங்குவதைக் கோபுரத்தில் இருப்பவரே கண்ணால் பார்க்கிறார். இறங்கிய நேரத்தையும் அவரே பதிந்துகொள்கிறார். கோபுரம் இல்லாத ஓடுதளத்தில் பார்க்க ஆளில்லை. அப்படிப்பட்ட இடத்தில் இறங்கினால், கைக்கு எட்டும் மிக விரைவான வழியில் பக்கத்துக் கட்டுப்பாட்டு நிலையத்துக்குத் தகவல் தர வேண்டும் என்று ஐகாவோவின் வான்விதிகள் சொல்கின்றன. தகவல் தராமல் விட்டால் வீண் தேடலுக்குப் பெரும் செலவாகும் என்று அதே விதியின் கீழ்க்குறிப்பு எச்சரிக்கவும் செய்கிறது.

அறுபது மீட்டரில் அறுந்துபோகும் குரல்

"ரேடியோ இருக்கிறதே, இறங்கியதும் அதிலேயே சொல்லிவிடலாமே" என்று தோன்றும். இங்கேதான் பூமியின் உருண்டை வடிவம் குறுக்கே வருகிறது.

விமானிகள் பேசுவது 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வி.எச்.எஃப். அலைகளில். இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும்; பூமியின் வளைவுக்குப் பின்னால் இருப்பவருக்கு எட்டாது. எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் வருவது அதன் ரேடியோ தொடுவானம், கிலோமீட்டரில். காற்று மண்டலம் அலையைச் சற்றே கீழ்நோக்கி வளைத்துக் கொடுப்பதும் அந்த 4.12க்குள் அடக்கம். இரண்டு முனைகளின் தொடுவானத் தூரங்களையும் கூட்டினால், இருவரும் பேசிக்கொள்ளக்கூடிய எல்லை கிடைத்துவிடும்.

கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளம் நேர்கோட்டில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அங்கே ஆன்டெனா தரையிலிருந்து 20 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் பங்கு 18 கிலோமீட்டர். கோவில்பட்டிக்கு மேலே 300 மீட்டரில் பறக்கும் விமானத்தின் பங்கு 71 கிலோமீட்டர். கூட்டினால் 89. பேச்சு தெளிவாகக் கேட்கும். அதே விமானம் இறங்கித் தரையில் நிற்கும்போது அதன் ஆன்டெனா இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கும். பங்கு 6 கிலோமீட்டருக்கும் குறைவு. கூட்டினால் 24. ஐம்பதைத் தொட வழியே இல்லை.

இடையில் எந்த உயரத்தில் குரல் அறுகிறது என்று கணக்குப் போட்டால் ஏறத்தாழ 60 மீட்டர் வருகிறது. சிறு விமானம் ஓடுதளத்தைத் தொடுவதற்குச் சுமார் 40 விநாடிக்கு முன்னால் இருக்கும் உயரம் அது. ரேடார் அலைகளுக்கும் இதே நேர்கோட்டு விதிதான் என்பதால், தாழ இறங்கும் விமானம் ரேடார் திரையிலிருந்தும் இதே போலத்தான் மறையும்.

இதன் பொருளை யோசித்துப் பார்க்க வேண்டும். பத்திரமாக இறங்கிய விமானமும், என்ஜின் நின்று புஞ்சையில் விழுந்த விமானமும் வாகைக்குளத்துக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டுமே குரல் அறுந்த ஒரு புள்ளி, அதற்குப்பின் மௌனம். எந்த மௌனம் நல்லது, எந்த மௌனம் கெட்டது என்று அங்கே இருப்பவர் தாமாகக் கண்டுபிடிக்க இயற்பியல் இடம் கொடுப்பதில்லை. விமானி வாய் திறந்து சொன்னால்தான் உண்டு.

முப்பது நிமிடக் கணக்கு

வந்து சேர வேண்டிய நேரம் தாண்டி 30 நிமிடம் ஆகியும் விமானத்தைப் பற்றித் தகவல் இல்லையென்றால், விதிப்படி முதல் கட்டம் தொடங்குகிறது. அதன் குறிச்சொல் இன்செர்ஃபா, நிச்சயமில்லாத நிலை. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் ரேடியோவில் கூப்பிட்டுப் பார்ப்பார், அந்த வழியில் பறக்கும் மற்ற விமானங்களைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வார். கிளம்பிய இடம், போய்ச்சேர வேண்டிய இடம், வழியில் உள்ள நிலையங்கள், விமானத்தின் சொந்தக்காரர் என்று தொலைபேசியில் விசாரிப்பார்.

எங்கிருந்தும் பதில் இல்லாதபோது அடுத்த கட்டம் அலெர்ஃபா, எச்சரிக்கை நிலை. அதற்குப் பிறகும் பரவலாக விசாரித்து ஒன்றும் கிடைக்கவில்லை, அல்லது கணக்குப்படி எரிபொருள் தீர்ந்திருக்க வேண்டும் என்றால் டெட்ரெஸ்ஃபா, ஆபத்து நிலை. நம் பகுதிக்குச் சென்னையில் உள்ள மீட்பு ஒருங்கிணைப்பு மையத்தின் கைக்கு விஷயம் போகும். விமானப்படை, கடற்படை, கடலோரக் காவல்படை, மாவட்ட நிர்வாகம், காவல்துறை என்று ஒவ்வொன்றாகச் சேரும்.

நாட்டுக்கு நாடு அளவு கொஞ்சம் மாறும். சொந்த விமானம் வைத்திருப்பவர்கள் ஏராளமாக உள்ள அமெரிக்காவில், கண்ணால் பார்த்தே வழியறிந்து பறக்கும் விமானங்களுக்குக் கெடு அரைமணி நேரம். கனடாவில் ஒரு மணி நேரம். பெரும்பாலான விசாரணைகள் முதல் சில தொலைபேசி அழைப்புகளிலேயே முடிந்துபோகும். விமானம் பத்திரமாக நிற்பதை யாராவது போய்ப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அந்த அறையில் இருப்பவர், விமானம் விழுந்துவிட்டதாகவே எண்ணித்தான் வேலை செய்ய வேண்டும். வேறுவிதமாக எண்ண அவருக்கு உரிமை இல்லை.

கரிசலில் தேடுவது

மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சிறு விமானம் அரைமணி நேரத்தில் 90 கிலோமீட்டர் போய்விடும். போன திசை தெரியாவிட்டால் 90 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டம் முழுவதையும் சலிக்க வேண்டும். 25,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். தூத்துக்குடி மாவட்டத்தைப் போல ஐந்து மடங்கு. பறப்புத் திட்டம் இருந்தால் கதையே வேறு. மதுரையிலிருந்து கோவில்பட்டிக்கு நேர்வழி ஏறத்தாழ 75 கிலோமீட்டர். வழியின் இருபக்கமும் பத்துப் பத்துக் கிலோமீட்டர் எடுத்துக்கொண்டாலும் 1,500 சதுர கிலோமீட்டருக்குள் தேடல் அடங்கிவிடும். தாளில் எழுதிய ஒரு வரி, தேட வேண்டிய நிலத்தை ஏறத்தாழப் பதினேழில் ஒரு பங்காகச் சுருக்கிவிடுகிறது.

அந்த 1,500 சதுர கிலோமீட்டரும் சுலபமான நிலமல்ல. கரிசலைப் பார்த்தவர்கள் தட்டையான வெட்டவெளி என்று நினைப்பார்கள். கோடையில் அப்படித்தான் இருக்கும். உழுது போட்ட கறுப்பு மண்ணில் வெள்ளை இறக்கை பளிச்சென்று தெரியும். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்ட பிறகு வந்து பார்த்தால் நிலமே வேறாகியிருக்கும். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த மக்காச்சோளம் ஒரு விமானத்தையே மறைத்துவிடும். கண்மாய்க்குள்ளும் ஓடைக்கரையிலும் அடர்ந்து கிடக்கும் சீமைக்கருவேலம் வருடம் முழுக்கப் பச்சை. அதற்குள் விழுந்ததை மேலிருந்து பார்ப்பது அரிது. போதாததற்கு, விழுந்து நொறுங்கிய சிறு விமானம் வானிலிருந்து பார்க்கும்போது விமானத்தின் உருவத்தில் இருக்காது. சிதறிய தகரம்போலத்தான் தெரியும்.

கண்டுபிடித்த பின்னும் சிரமம் தீராது. கரிசலின் களிமண் நீரை உறிஞ்சி உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். நனைந்த கரிசலில் ஜீப்பின் சக்கரம் அச்சுவரை புதையும். நடந்து போகிறவர் காலில் அப்பிய மண்ணையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். மேலே தாழப் பறந்து தேடுகிறவருக்குக் கயத்தாறுப் பக்கம் காற்றாலைகள் ஆபத்து. இத்தனையும் ஒருவரைக் காப்பாற்றுவதற்கு என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் செய்யலாம். ஆபத்தே இல்லாத ஒருவருக்காக இத்தனை பேரை இந்த மண்ணில் இறக்குவது பெரும் அநியாயம்.

தேடிய கதைகள்

தேடல் எவ்வளவு கடினம் என்பதை நம் பக்கத்திலேயே பார்த்திருக்கிறோம். 2009 செப்டம்பர் 2 அன்று ஆந்திர முதல்வர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டியை ஏற்றிக்கொண்டு ஹைதராபாத் பேகம்பேட்டையிலிருந்து சித்தூர் மாவட்டத்துக்குக் கிளம்பிய பெல் 430 ஹெலிகாப்டர் நல்லமலைக் காட்டுக்கு மேலே தொடர்பை இழந்தது. விமானப்படை, இஸ்ரோ, ஆயிரக்கணக்கான பாதுகாப்புப் படையினர் எல்லாரும் இறங்கியும், மலைக்காட்டில் சிதைவைக் கண்டது மறுநாள் காலையில்தான். ஐந்து பேரும் இறந்திருந்தார்கள்.

2015 ஜூன் 8 இரவு, தமிழகக் கடலோரத்தைச் சுற்றிவந்த கடலோரக் காவல்படையின் டார்னியர் விமானம் ரேடாரில் மறைந்தது. மூன்று பேர் இருந்த அந்த விமானம், ஒரு மாதத் தேடலுக்குப் பின் ஜூலை 10 அன்று கடலூர்ப் பக்கத்துக் கடலில் சுமார் 950 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேரோடு புறப்பட்டுக் காணாமற்போன விமானப்படையின் ஏ.என்-32 விமானம் பற்றிய விடைக்கு ஏழரை ஆண்டு ஆயிற்று. தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி 2024 ஜனவரியில் சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டரில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவைப் படமெடுத்தது.

போகும் வழி எழுத்தில் இருந்த விமானங்களுக்கே இந்தப் பாடு. எழுதாமல் போனவர் கதை இன்னும் மோசம். உலகத்தைப் பலூனில் தனியாகச் சுற்றிவந்த ஸ்டீவ் ஃபாசெட், 2007 செப்டம்பர் 3 அன்று நெவாடாவில் ஒரு பண்ணை ஓடுதளத்திலிருந்து பறப்புத் திட்டம் கொடுக்காமல் சிறு விமானத்தில் கிளம்பினார். திரும்பவில்லை. மாபெரும் தேடல் நடந்தது. யாருக்கும் தெரியாமல் கிடந்த பழைய விமானச் சிதைவுகள்கூட அதில் அகப்பட்டன. அவருடைய விமானம் மட்டும் அகப்படவில்லை. ஓராண்டு கழித்து மலையேறி ஒருவர் கண்ணில் அவருடைய அடையாள அட்டைகள் பட்ட பிறகே இடம் தெரிந்தது.

இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் ஒரு செய்தி பொது. தேடப் போகும் விமானங்களும் ஆட்களும் எண்ணிக்கையில் அடங்கியவர்கள். கடலில் தேட நம்மிடம் இருக்கும் முக்கியமான கருவிகளில் ஒன்று அந்த டார்னியர் வகை விமானம். நிம்மதியாக இறங்கிய ஒருவரைத் தேடி அது தரைப்பக்கம் போயிருக்கும் நேரத்தில் கடலில் ஒரு படகு கவிழ்ந்தால்? தேடுகிறவர்களுக்கும் ஆபத்து குறைவில்லை. செயற்கைக்கோள் மூலம் அபயக்குறி பிடிக்கும் காஸ்பாஸ்-சார்சாட் அமைப்பு உலகில் முதன்முதலாகக் காப்பாற்றியது, 1982 செப்டம்பரில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் விழுந்த சிறு விமானத்தின் மூவரை. காணாமற்போன இன்னொரு சிறு விமானத்தைத் தேடிப் போனவர்கள் அவர்கள்.

அந்த அமைப்பில் இந்தியாவும் உண்டு. பெங்களூரில் இஸ்ரோ நடத்தும் மையம் நமக்கும் இலங்கை, மாலத்தீவு உள்ளிட்ட அண்டை நாடுகளுக்கும் சேர்த்துக் காது கொடுக்கிறது. விமானத்தில் உள்ள அபயக் கருவி, பலமான அதிர்ச்சி பட்டால் தானே விழித்து 406 மெகாஹெர்ட்ஸில் தன் அடையாள எண்ணை அனுப்பும். ஆனால் ஆன்டெனா முறிந்தாலோ தீப்பிடித்தாலோ நீரில் மூழ்கினாலோ அது பேசாது. சில நேரம் தடாலென்று இறங்கியதற்கே பேசிவிடும். இப்படி வரும் பொய்க்குறிகள் மிக அதிகம். மெய்யா பொய்யா என்று பிரித்தறிய அதிகாரிகள் எடுத்துப் பார்ப்பவற்றில் ஒன்று, அந்த விமானத்தின் பறப்புத் திட்டம் முடித்துவைக்கப்பட்டதா, அதாவது வந்து சேர்ந்த செய்தி கிடைத்ததா என்பது. சொல்ல மறந்த ஒருவர், அந்தச் சோதனையையும் கெடுத்துவிடுகிறார்.

நோக்கம் நிறைவேறியபின் வரும் வேலை

இவ்வளவும் தெரிந்த விமானிகள் ஏன் மறக்கிறார்கள்? கவனக்குறைவு என்று திட்டிவிட்டுப் போவது எளிது. உளவியல் அதைவிட நுட்பமான விடையைத் தருகிறது.

மைக்கேல் பைர்ன், சூசன் போவைர் என்ற இரு ஆய்வாளர்கள் 1997இல் ஒருவகைத் தவறை ஆராய்ந்து எழுதினார்கள். ஒரு வேலையின் முக்கிய நோக்கம் நிறைவேறிய பிறகு செய்ய வேண்டிய மிச்சப் படியை மனம் தவறவிடும் பழக்கம் அது. ஏ.டி.எம்.மில் பணத்தை எடுத்துக்கொண்டு அட்டையை விட்டுவிட்டு வருவது, நகல் எடுத்துக்கொண்டு மூலப்பத்திரத்தைக் கண்ணாடி மேலேயே வைத்துவிட்டு வருவது எல்லாம் இந்த இனம்தான். போனது பணத்துக்காக, பணம் வந்தது, நோக்கம் தீர்ந்தது. நோக்கம் தீர்ந்ததும், அதைத் தாங்கிப்பிடித்திருந்த நினைவுகளை மனம் இறக்கிவைத்துவிடுகிறது. அட்டையும் அதோடு போய்விடுகிறது. வேலை நடக்கும்போது மனத்தின் சுமை கூடக்கூட இந்தத் தவறும் கூடும் என்பது அவர்கள் கண்டது.

விமானிக்கு நோக்கம் பத்திரமாக இறங்குவது. சக்கரம் தரையைத் தொட்டு, வண்டி நின்ற கணத்தில் அது முடிந்துபோகிறது. திட்டத்தை முடித்துவைக்கும் அழைப்பு அதற்குப் பின்னால் வருகிறது, ஏ.டி.எம். அட்டை மாதிரியே.

கரிசல் பூமியில் மனச்சுமைக்குக் குறைவில்லை. கறுப்பு மண் வெயிலை அப்படியே உள்வாங்கும். சித்திரை மதியத்தில் அதன்மேல் சூடேறிய காற்று தூண் தூணாக எழும்பும். அதற்குள் புகும் சிறு விமானம் தூக்கித் தூக்கிப் போடப்படும். வைகாசி தொடங்கி ஆவணி வரை செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று வீசித் தள்ளும். பக்கவாட்டுக் காற்றோடு மல்லுக்கட்டி, ஓடுதளத்தில் ஆடு மாடு நிற்கிறதா என்று பார்த்து இறங்கிய விமானிக்குக் கைகால் தளர்ந்து, "அப்பாடா" என்றிருக்கும். அடுத்த வேலை விமானத்தைக் கயிறுகொண்டு கட்டுவது. கட்டாவிட்டால் ஆடிக்காற்று இறக்கையைத் தூக்கிவிடும். அதற்குள் வேடிக்கை பார்க்க ஆட்கள் வந்துவிடுவார்கள். கட்டி முடித்து நிமிரும்போது, சொல்ல வேண்டிய சேதி மனத்தில் இருக்காது.

நாசாவின் ஏம்ஸ் மையத்தில் கீ டிஸ்மியூக்ஸ் விமானிகளின் இத்தகைய மறதியை நெடுங்காலம் ஆராய்ந்தவர். பின்னால் செய்ய வேண்டியதை நினைவில் வைப்பது, நினைவூட்டும் ஒரு பொருளோ ஒலியோ கண்முன், காதுமுன் இருப்பதைப் பெரிதும் சார்ந்தது. அப்படி ஒன்று இல்லாதபோது, குறுக்கீடும் சேர்ந்துகொண்டால், தேர்ந்தவர்களும் தவறுவார்கள். பழக்கம் வேறு எதிராக வேலை செய்கிறது. கோபுரம் உள்ள நிலையங்களில் இறங்கிப் பழகியவருக்கு இந்த வேலையை யாரோ செய்துவிடுவார்கள் என்றே கை பழகியிருக்கும். கோபுரம் இல்லாத இடத்திலும் அது அப்படியே தொடரும்.

மறதிக்கு வேலி

காரணம் அமைப்பில் இருப்பதால் தீர்வும் அமைப்பில்தான் இருக்க வேண்டும். "இனி மறக்கமாட்டேன்" என்ற உறுதிமொழிக்கு இங்கே பலம் போதாது. அட்டையை எடுத்தால்தான் பணம் வரும் என்று ஏ.டி.எம்.மை மாற்றிய இடங்களில் வாடிக்கையாளருக்குப் புத்திமதி தேவைப்படவில்லை. வரிசையை மாற்றியது போதுமாயிருந்தது.

விமானியும் வரிசையை மாற்றலாம். கிளம்பும்போதே, வந்துசேரும் நேரத்துக்குப் பத்து நிமிடம் தள்ளி போனில் அலாரம் வைத்துவிட்டால், மனம் இறக்கிவைத்ததைக் கருவி எடுத்துக் கொடுக்கும். விமானத்தின் சாவியைக் கழற்றிப் பையில் போடுமுன் அழைப்பு முடிந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். சாவி இல்லாமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை.

குரல் அறுவதற்கு முன்பே சொல்லிவைப்பது இன்னும் நல்லது. அறுபது மீட்டரில் ரேடியோ போய்விடும் என்று தெரிந்தவர், முந்நூறு மீட்டரிலேயே "ஓடுதளம் கண்ணில் தெரிகிறது, இறங்குகிறேன், தரையிலிருந்து போன் செய்கிறேன்" என்று வாகைக்குளத்திடம் சொல்லிவிடலாம். இறங்குமிடத்தில் தொடர்பு வசதி போதாது என்று தெரிந்தால் இறங்குமுன்பே செய்தி சொல்லிவிட ஐகாவோ விதியும் வழி வைத்திருக்கிறது. ஒருவேளை அடுத்த ஒரு நிமிடத்தில் விபரீதம் நடந்தாலும், தேடுகிறவர்கள் நேரே ஓடுதளத்துக்குத்தான் வருவார்கள். தாமதமானால் புது நேரத்தைப் பறக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

படிவத்தில் எழுதும் கைபேசி எண் திறந்திருக்க வேண்டும். பறக்கும்போது அணைத்துவைத்த போனை இறங்கியபின் திறக்க மறந்துவிட்டால், கட்டுப்பாட்டு அறையிலிருந்து வரும் அழைப்புக்கு "ஸ்விட்ச் ஆஃப்" என்ற பதிலே போகும். அங்கே இருப்பவருக்கு அது கவலையை இரட்டிப்பாக்கும். ஓடுதளத்திலும் ஓர் ஆள், ஒரு பேரேடு, ஒரு தொலைபேசி வேண்டும். வருகிற ஒவ்வொரு விமானத்தின் நேரத்தையும் எழுதி, விமானி சொன்னாரா என்று கேட்டு, சொல்லாவிட்டால் தாமே சொல்லிவிடும் பொறுப்பு அவருக்கு இருக்க வேண்டும். ஒருவர் நினைவில் தொங்கும் பாதுகாப்பை இருவர் கையில் கொடுத்தால் அது பலமடங்கு உறுதியாகும்.

ஒரு மணி நேரம் கழித்து நினைவு வந்தவர் வெட்கப்பட்டுக்கொண்டு தயங்கக் கூடாது. அந்த நிமிடமே அழைத்தால், கிளம்பவிருக்கும் ஜீப் நிற்கும். ஏறவிருக்கும் ஹெலிகாப்டர் தரையிலேயே இருக்கும். அழைத்தவரை அதட்டி அனுப்பும் அமைப்பு, அடுத்தமுறை அவரை மௌனமாக்கிவிடும். தாமதமாகச் சொன்னவரையும் நன்றி சொல்லி வரவேற்பதே கட்டுப்பாட்டு அறைக்கு லாபம்.

செயற்கைக்கோள் வழியே விமானத்தைப் பின்தொடரும் கருவிகள் பெருகிவருகின்றன. அவை எல்லாச் சிறு விமானங்களிலும் வர வேண்டும். ஆனாலும் ஒரு புஞ்சையில் அசையாமல் நிற்கும் புள்ளியைத் திரையில் காட்டும் கருவி, உள்ளே இருப்பவர் நலமா என்று சொல்லாது. அதை ஒரு மனிதர்தான் சொல்ல வேண்டும்.

போனவர்கள், வந்தவர்கள் கணக்கு இல்லாததன் விலை தென்தமிழகத்துக்குப் புதிதல்ல. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது, கன்னியாகுமரிக் கரையில் எத்தனை பேர் கடலுக்குப் போயிருக்கிறார்கள், எத்தனை பேர் எந்தக் கரையில் ஒதுங்கியிருக்கிறார்கள் என்ற முழுப் பட்டியல் யார் கையிலும் இல்லை. காணாமற்போனவர் எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறியது. குஜராத் வரை போய்க் கரையேறியவர்களின் வீடுகளில் அழுகை ஓயவில்லை. மெய்யாகவே தத்தளித்தவர்களை எங்கே தேடுவது என்பதும் தெளியவில்லை. கரை சேர்ந்தவர் பெயரைப் பட்டியலிலிருந்து உடனே எடுத்தால்தான், சேராதவரின் பெயர் மேலெழுந்து கண்ணில் படும். வானத்திலும் கணக்கு இதுவே.

கோவில்பட்டியில் பள்ளி திறக்கும் நாளில் மாணவர்களுக்கு இதை முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும். என்ஜின் நின்றதோடு பயணம் முடிவதில்லை. முகம் தெரியாத ஒருவர் தன் பட்டியலில் உங்கள் பெயருக்கு நேரே நேரத்தைக் குறித்துக்கொண்டு, உண்மையிலேயே ஆபத்தில் இருக்கும் அடுத்தவர் பக்கம் திரும்ப முடிகிறபோதுதான் முடிகிறது. அவரை அப்படித் திரும்ப விடுவது, விமானத்தை நேராக இறக்குவதற்கு நிகரான திறமை. அதற்கும் மதிப்பெண் போட வேண்டும்.